வாய்க்கால் அட்டை

படூரில் புது ஃபிளாட்டுக்கு வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. இறக்கிய ஆட்கள் அட்டைப்பெட்டியை மொட்டைமாடிப் படியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது. இன்று காலை படியேறும்போது அந்த நாற்றம் வந்தது. நனைந்த பழுப்பு அட்டை, அதற்குள் ஊறிய ஸ்டார்ச், கொஞ்சம் புளிப்பு. கீழ்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். நான் நின்று முகர்ந்துகொண்டிருந்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "பெட்டியப் போய் மோந்து பாத்துட்டு நிக்கிறீங்க, இன்னிக்கு ஆபீஸ் இல்லையா" என்றாள்.

பெட்டியின் ஓரத்தைக் கிழித்தேன். நார் குட்டையாக இருந்தது. காகிதமாகி, குப்பையாகி, மறுபடி காகிதமாகி, பல தடவை சுற்றி வந்த நார். நீ இருந்திருந்தால், "இதுக்கு வயசாயிடுச்சு மச்சான், ரிட்டயர் பண்ணி வுட்ரலாம்" என்று சொல்லியிருப்பாய்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நான் எழுதியதெல்லாம் ஷிஃப்ட் ரிப்போர்ட்தான் என்று உனக்குத் தெரியும். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்பதால் திருத்தவும் போவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அந்த மில்லில் சேர்ந்தபோது, அங்கே அதிக நாள் இருக்கப்போவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன் நான். அப்பா அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். கடலோரக் குடியிருப்பில், குழாயைத் திறந்தால் தண்ணீர், ஸ்விட்சைப் போட்டால் விளக்கு என்று வளர்ந்தவன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி உள்ளே போகிற சாலையில், பழைய அட்டையை ஊறவைத்துப் புது அட்டை போடுகிற சின்ன மில் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. நீ அதே மில்லின் லேப் கெமிஸ்ட். செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. படித்தவன். முதல் நாள் என் பாலிஷ் போட்ட ஷூவைப் பார்த்துவிட்டு நீ சொன்னது இது: "இத்தப் போட்டுகினு பல்பர்கிட்ட போவாத மச்சான். சாயங்காலம் பாத்தா ஷூவும் அட்டையாயிருக்கும்." பார்த்த அரை மணி நேரத்தில் மச்சான். எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் ஷூ அட்டையாகித்தான் இருந்தது.

மில்லின் கதை எளிது. பழைய அட்டையைப் பல்பரில் போட்டுத் தண்ணீரில் கரைப்போம். அந்தக் கூழை ஒயர் என்கிற நீளமான ஓடும் வலைமேல் விடுவோம். தண்ணீர் வடியும், நார் தங்கும், அழுத்திக் காயவைத்தால் காகிதம். வடிந்த தண்ணீரோடு கொஞ்சம் நாரும் போகும். அந்தத் தண்ணீர் பின்பக்கச் சுவரைத் தாண்டி வாய்க்காலில் விழுந்து, உங்கள் காலனியை ஒட்டி ஓடி, ஏரிக்குப் போகும். பழுப்புத் தண்ணீர், மேலே நுரை. சுத்திகரிப்புக்கு ஒரு தொட்டி இருந்தது. பெரும்பாலும் அதில் கொசுதான் இருந்தது. மாசு வாரியத்திலிருந்து ஆள் வருகிறார் என்றால் மேனேஜர் போர்வெல் தண்ணீரைத் திறந்து கழிவோடு கலந்துவிடுவார். ஒரு லிட்டரில் எவ்வளவு அழுக்கு என்பதுதான் அளவு. இன்னும் நாலு லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றினால் அழுக்கு குறைந்ததாகக் கணக்கு வரும். சட்டத்தை மீறாமலே ஏமாற்ற நம் ஆட்களைப் போல யாருக்கும் வராது.

அப்போது எனக்கு அதெல்லாம் கவலையில்லை. என் கவலை மணல். ஒயர் அடிக்கடி கிழிந்தது. மாற்றும்போதெல்லாம் மெஷின் நிற்கும், மேனேஜர் என்னைப் பார்ப்பார். கூழை எடுத்து அலசினால் அடியில் மணல், நடுவில் கருவேல முள். பழைய டிவி பெட்டியில் முள் எப்படி வரும்? சரக்கு அனுப்புகிற காயலாங்கடைக்காரர்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்குக் கூப்பிட்டுக் கத்தினேன். எடைக்கு மண்ணைப் போடுகிறீர்கள் என்றேன். சிங்கப்பெருமாள் கோயில் பஜாரில் கடை வைத்திருந்தவரிடம், "இனிமே உங்க சரக்கு இந்த கேட்டத் தாண்டாது" என்று சொல்லிவிட்டேன். நீ லேப் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். வழக்கமாக நான் கத்தினால் நக்கல் அடிக்கிறவன் அன்று வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் வந்து, "செருப்பு போட்டுகினு வா, ஒரு எடத்துக்குப் போலாம்" என்றாய். பின்சுவரைச் சுற்றி வாய்க்கால் கரைமேல் நடந்தோம். கோடைக்காலம். மில் பாதி நேரம் நின்றுகிடந்ததால் வாய்க்காலின் ஓரங்கள் காய்ந்திருந்தன. அங்கேதான் முதலில் பார்த்தேன். எங்கள் ஒயரிலிருந்து தப்பிய நார் எல்லாம் வாய்க்கால் தரையில் படிந்து, வெயிலில் காய்ந்து, தடித்த அட்டையாகக் கிடந்தது. ஒரு முனையைத் தூக்கினால் பாய் மாதிரி உரிந்து வந்தது. நாலைந்து பெண்கள் குனிந்து அதை உரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சுருட்டின் அடிப்பக்கம் முழுக்க மணல். நடுவில் முள்.

"இது எங்க போவுது?" என்றேன்.

"பஜார்ல காயலாங்கடைக்கு. அங்கேர்ந்து உன் பல்பருக்கு."

நாம் தயாரித்த கூழை நாமே வெளியே விட்டு, வெயிலில் காயவைத்து, மண்ணோடு சேர்த்து நாமே காசு கொடுத்து வாங்கி, நம் ஒயரையே கிழித்துக்கொண்டிருந்தோம். நான் கரையில் உட்கார்ந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. சுருட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்த அம்மாளைக் காட்டி, "இவங்கதான் எங்க அம்மா" என்றாய்.

உன் அம்மா எஸ்தரம்மா எனக்கு அப்படித்தான் அறிமுகம். ஒரு காலத்தில் மற்றவர் நிலத்தில் நடவும் களையும் செய்தவர். ஏரித் தண்ணீர் கெட்டு நடவு நின்றபோது, எது தண்ணீரைக் கெடுத்ததோ அதையே உரித்து விற்கக் கற்றுக்கொண்டவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அந்தக் கத்துற இஞ்சினீரு? பஜார்ல சேட்டு சொன்னாரு. இன்னாத்துக்கு தம்பி, எங்க சரக்குக்கு இன்னா கொறச்சல்?"

"மணல்மா."

"மணல் இல்லாம வாய்க்கா எங்க கீது? நீ காட்டு, நான் அங்க போயி உரிக்கிறேன்."

நான் குனிந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினேன். 

அதற்குப் பிறகுதான் வாரியத்திலிருந்து அந்தப் பெண் இன்ஜினியர் வந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் வந்ததால் மேனேஜருக்குப் போர் தண்ணீரைத் திறக்க நேரமில்லை. திறந்திருந்தாலும் பயனில்லை. அவர் தொட்டிப் பக்கம் போகவே இல்லை. "எவ்வளவு தண்ணி எடுக்குறீங்க, மீட்டர் எங்க?" என்றுதான் கேட்டார். மீட்டர் கிடையாது. பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். அடுத்து வந்த உத்தரவில் சுற்றிவளைப்பு ஏதுமில்லை. குறித்த கெடுவுக்குள் கழிவை வெளியே விடுவதை நிறுத்த வேண்டும். தவறினால் கரண்டைத் துண்டித்து மில்லை மூடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். என் வீட்டுக்கு என்று கிளம்பி, வழக்கம்போலக் கடற்கரையில் வறுத்த மீன் தின்று அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். நான் மகிழ்ச்சியாக இருந்தேன். எனக்கு ஒரு உருப்படியான வேலை கிடைத்திருந்தது. வடிகிற தண்ணீரைப் பிடித்து, நாரைப் பிரித்துப் பல்பருக்குத் திருப்பி, தெளிந்த தண்ணீரையும் மெஷினுக்கே திருப்பிவிடலாம். மணலில் விரலால் படம் போட்டுக் காட்டினேன். வட்டம் மூடிவிடும், ஒரு சொட்டு வெளியே போகாது.

நீ மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாய். "மில்ல மூடுனா எங்க தெருல பாதிப் பேருக்கு வேலை பூட்ச்சி. மூடாம நீ சொல்றாப்ல பண்ணா, எங்க அம்மாவுக்கும் அந்தப் பொம்பளைங்களுக்கும் உரிக்க ஒண்ணும் இருக்காது. எப்டிப் பாத்தாலும் எங்க தெருதான் மச்சான்."

"அப்ப வாய்க்கால் அப்படியே ஓடட்டும்ன்றியா?"

"அப்டி சொன்னனா? அந்தத் தண்ணில கால் வெச்சா சொறி புடிக்கும். என் தங்கச்சி காலப் பாத்திருக்கியா நீ?" முள்ளை மணலில் எறிந்துவிட்டு, "நிறுத்தணும். ஆனா அம்மாகிட்ட நான்தான் சொல்லணும். பேஜாரு" என்றாய்.

முதலாளி சென்னையிலிருந்து வந்தார். தொட்டியும் பம்பும் வாங்க மாட்டேன், மூடிவிட்டு இடத்தை விற்றுவிடுகிறேன் என்றார். நான் வரைபடம், கணக்கு எல்லாம் எடுத்துப் பேசிப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நீ வெளியே போய், உன் வீட்டிலிருந்து ஒரு வாய்க்கால் அட்டைச் சுருட்டைக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் விரித்தாய். கண்ணாடி மேஜை முழுக்க மணல் கொட்டியது.

"இது உங்க சரக்கு சார். ஒரு தபா தூக்கிப் போட்டீங்க, ஒரு தபா வாங்குனீங்க. ஒயரையும் கிழிச்சுகினீங்க."

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். "நாம இதை வாங்குறோமா?" என்று கேட்ட குரலில் இருந்த வலியை நான் வேறெதற்கும் அவரிடம் பார்த்ததில்லை. சுற்றுச்சூழலுக்காக அவர் ஒரு செங்கல்கூட எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார். தன் கூழைத் தானே வாங்கிய கேவலத்துக்காகத் தொட்டி கட்டச் சம்மதித்தார்.

தொட்டியின் கணக்கு என்னுடையது. அதை இன்றைக்கும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் அந்தத் தொட்டி வருகிறது என்று உன் வீட்டில் சொன்னது நீ. அன்று என்னையும் கூட்டிப் போனாய், தைரியத்துக்கு. எஸ்தரம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டார்.

"என் பொழப்புல மண்ணப் போடவா உன்ன காலேஜுக்கு அனுப்புனேன்?"

"ஏற்கெனவே அதுல மண்ணுதாம்மா கீது."

"நக்கலா நைனா? நாலு வூட்டுப் பொம்பளைங்க நாளைக்கு வந்து கேட்டா இன்னா சொல்லுவே? உங்க மில்லு தண்ணியக் கெடுத்துச்சு, சரின்னோம். நடவு போச்சு, சரின்னோம். இப்ப அழுக்கையும் எடுத்துகினு போறீங்களா?"

உன் தங்கை சுவரோரம் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. நான் வரைந்த வட்டத்துக்குள் நார் இருந்தது, தண்ணீர் இருந்தது. இந்தப் பெண்கள் இல்லை. வட்டம் மூடியதும் அவர்கள் வெளியே நிற்பார்கள்.

யோசனை உன்னுடையது. கேட்டுக்கு வெளியே அழுக்கைப் பொறுக்குகிறவர்களை உள்ளே, சரக்கு குவிக்கிற யார்டுக்குக் கூட்டி வந்து, பல்பருக்குப் போகும் முன் சரக்கைப் பிரிக்க வைக்கலாம் என்றாய். பிளாஸ்டிக் டேப், ஸ்டேபிள் பின், தெர்மோகோல் எல்லாவற்றையும் அதுவரை நாங்கள் அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தோம். நான் அதைக் கணக்காக்கி, பிரித்த சரக்கில் மெஷின் எவ்வளவு குறைவாக நிற்கும் என்று காட்டினேன். மேனேஜர், "காலனிப் பொம்பளைங்களையா, யார்டுக்குள்ளயா" என்று இழுத்தார். "வாசல்ல வாங்கும்போது மட்டும் இனிச்சுதா சார்?" என்றாய். பெண்கள் யார்டுக்குள் வேலைக்கு வந்தார்கள், மேனேஜர் உன்னோடு சில மாதம் பேசவில்லை. அதனால் உனக்கு நிம்மதிதான்.

வட்டத்தை மூடியபிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. சுற்றிச் சுற்றி வருகிற தண்ணீர் சூடாகிப் புளித்தது. குழாயில் கொழகொழவென்று பாசி பிடித்தது. அது அடர்ந்து பிய்ந்து காகிதத்தில் விழுந்தால் தாள் அறுந்தது. இன்று என் மாடிப்படியில் வந்த அதே நாற்றம், நூறு மடங்கு. ஆட்கள் என் வம்சத்தையே திட்டினார்கள். அந்த நாற்றத்தில் சாப்பிட முடியவில்லை என்று நானும் என்னைத் திட்டிக்கொண்டேன். மேனேஜர் தினமும் ஒரே பாட்டுதான்: "பழைய வால்வைக் கொஞ்சம் திறந்துவிடுங்க, கொஞ்சம் போகட்டும், யாருக்குத் தெரியும்?"

அவசரக்காரன் நான். பாசியைக் கொல்லும் மருந்தின் அளவை மாற்றிப் பார்த்தேன், மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. ஒருநாள் எனக்கே திறந்துவிடலாம் போல இருந்தது. பின்சுவர்ப் பக்கம் போனபோது நீ அங்கே இருந்தாய். வெளியேறும் குழாயின் வாயில் செங்கல் வைத்துப் பூசிக்கொண்டிருந்தாய். எஸ்தரம்மா சிமெண்டுக் கலவையை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார், யார்டு வேலைக்குக் கொடுத்த கையுறையோடு.

"மேனேஜர் கேட்டா?" என்றேன்.

"வால்வு அப்டியேதான் கீது மச்சான். தாராளமா திருப்பிக்கச் சொல்லு. தண்ணிதான் போவாது."

எஸ்தரம்மா என் கையில் கொத்துக் கரண்டியைக் கொடுத்தார். "சும்மா நின்னு பாக்காத தம்பி, அந்த ஓரத்த அழுத்து."

அழுத்தினேன். வேறு வழி அடைபட்டபின் மூளை வேலை செய்தது. ஸ்டார்ச்சைக் குறைத்தோம், தொட்டியில் காற்றை அதிகம் விட்டோம், மெஷின் நிற்கும் நாளிலெல்லாம் குழாய்களைக் கழுவினோம். கழுவிய தண்ணீரையும் பிடித்துவைத்தோம். நாற்றம் முழுக்கப் போகவில்லை. தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கியது. தாள் அறுவது குறைந்தது. அந்தப் பெண் இன்ஜினியர் மறுபடி வந்தார். மீட்டரைப் பார்த்தார், அடைத்த குழாயைப் பார்த்தார், பூச்சைத் தட்டிப் பார்த்தார். "இது யாரு பூசினது, கொத்தனார் இல்லையே" என்றார். நீ தலையைச் சொறிந்தாய். மில் தப்பியது.

ஏரி உடனே சரியாகவில்லை. பெரிய மழை வந்து படிந்த நாரை அடித்துக்கொண்டு போனது. அப்புறம் ஒரு மழை. எருமைகள் இறங்கின. பிறகு ஒரு வருடம் உன் தங்கை கால் கொலுசு போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாள். சொறி ஆறியிருந்த அந்தக் காலை நான் பார்த்தேன். நீ பார்த்ததைப் பார்த்தேன்.

காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது. மில்லுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரை விடாமல் கேட்டேன். இல்லை, வெறும் காய்ச்சல், சிக்கலாகிவிட்டது என்றார். காரணம் ஒன்று கிடைத்திருந்தால் யாரிடமாவது போய்க் கத்தியிருப்பேன். கல்லறையில் பாதிரியார் ஜெபம் முடித்ததும் மேனேஜர் உன் பெட்டியருகே போய் நெடுநேரம் நின்றார். என்ன சொன்னார் என்று தெரியாது. திட்டியிருந்தாலும் உனக்குப் பிடித்திருக்கும்.

எஸ்தரம்மாதான் இப்போது யார்டுக்கு மேற்பார்வை. போன மாதம் போயிருந்தேன். மில்லை வாங்கிய புது முதலாளி, விரிவாக்கத்துக்கு என்னை ஆலோசகனாகக் கூப்பிட்டிருந்தார். ஓ.எம்.ஆரில் எனக்கென்று சின்ன ஆபீஸ் இருக்கிறது, தெரியுமா? காகித மில், சாய மில், தோல், எதுவென்றாலும் தண்ணீர்க் கணக்கு போட்டுக் கொடுக்கிறேன். தொழில் நன்றாகத்தான் போகிறது. புது முதலாளி நல்ல மனிதர், என்னைப்போலவே அவசரக்காரர். "ஆபத்துக்கு ஒரு வெளிக்குழாய் இருக்கட்டும் சார், வரைபடத்துல ஒரு கோடுதானே" என்றார்.

நான் வரைந்த பழைய படங்களில் வெளியேறும் கோட்டின் நுனியில் ஒரு அம்புக்குறி இருக்கும். அம்புக்குப் பக்கத்தில் 'வெளியே' என்று எழுதுவோம். எல்லா இன்ஜினியரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வெளியே என்றால் யாரும் இல்லாத இடம் என்று அர்த்தம். நீ போனபிறகு என்னால் அந்த அம்பைப் போட முடியவில்லை. எந்த மில்லுக்குப் போனாலும் முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறேன். கோடு எங்கே முடிகிறதோ அங்கே இருக்கிற வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறேன், பெயர் கேட்கிறேன். அந்தப் பெயரைப் படத்தில் எழுதுகிறேன். பெயர் இருக்கிற படத்தில் கையெழுத்துப் போட முதலாளிகளுக்குக் கை வருவதில்லை. கோட்டை அழிக்கச் சொல்கிறார்கள், பதிலுக்கு ஒரு தொட்டிக்கு ஒத்துக்கொள்கிறார்கள். சிலர் என்னை மாற்றிவிட்டு வேறு ஆளை வைத்துக்கொள்கிறார்கள். போகட்டும்.

புது முதலாளி கேட்டபடியே கோடு போட்டுக் கொடுத்தேன். நுனியில் 'எஸ்தர் வீடு' என்று எழுதினேன். "யார் சார் இது?" என்றார். ஜன்னல் வழியாக யார்டைக் காட்டினேன். எஸ்தரம்மா அட்டை மலைக்கு முன் நின்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். முதலாளி எட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டார்.